தேனீக் கொட்டு, தொடையில் போட்ட ஊசி

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் வீடுகளில் கொட்டு வாங்குவது ஒரு செய்தியே அல்ல. மாசி, பங்குனியில் ரப்பர் மரம் தளிர்த்து, இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும் காலத்தில், அண்ணனுக்கு உதவியாகப் பெட்டிகளைத் திறக்கும் நானும் பல ஆண்டுகளாகக் கொட்டு வாங்கியவன்தான். வீக்கமும் கடுப்பும் மறுநாளே வடிந்துவிடும். பலமுறை கொட்டு வாங்கிய உடலிலும் ஒவ்வாமை புதிதாகத் தோன்றலாம் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அன்று கழுத்தில் ஒரே ஒரு தேனீ கொட்டியது. அண்ணன் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்தார். "ஒண்ணும் இல்ல மக்களே, சுண்ணாம்பு தேச்சா மாறிரும்" என்று அம்மை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கொட்டிய இடத்தை விட்டுவிட்டு உள்ளங்கைகள் அரிக்கத் தொடங்கின. வயிற்றிலும் முதுகிலும் தடிப்புகள் எழும்பி, உதடு கனத்து, குரல் கரகரத்தது.

அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் அவில் என்னும் அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் மட்டும் போட்டு, சற்று நேரம் உட்காரச் சொன்னார்கள். அந்த மருந்துகள் அரிப்பைக் குறைக்கக்கூடியவையே தவிர, அடைபடும் மூச்சுக்குழலையும் சரியும் இரத்த அழுத்தத்தையும் உடனடியாக மீட்பவை அல்ல. அந்த வேலைக்கு உரியது அட்ரினலின். எனக்குக் கண் இருட்டியதும் அண்ணன் ஆட்டோவிலேயே என்னைக் கிடத்தி, கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு விரைந்தார். அங்கே பணியிலிருந்த மருத்துவர் வேறெதையும் கேட்பதற்கு முன் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அரை மில்லி அட்ரினலின் செலுத்தினார். கை நடுங்கி, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனால் சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகியது. அறிகுறிகள் அடங்கிய பின்னும் சில மணி நேரம் கழித்து மீண்டும் கிளம்பக்கூடும் என்பதால், இரவு முழுவதும் அங்கேயே கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

வீடு திரும்பும்போது கிடைத்த டிஸ்சார்ஜ் சீட்டில் 'தேனீக் கொட்டால் அனாஃபிலாக்சிஸ்' (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை) என்று தெளிவாக எழுதித் தரும்படி அண்ணன் வற்புறுத்தியது பெரிய உதவியாயிற்று. வெறும் 'அலர்ஜி' என்றிருந்தால் அடுத்து பார்த்த மருத்துவர் இத்தனை தீவிரமாக எடுத்துக்கொண்டிருப்பாரா என்பது ஐயமே. ஒவ்வாமை மருத்துவர் சில வாரங்கள் கழித்தே தோல் பரிசோதனை செய்தார்; கொட்டு வாங்கிய உடனே செய்தால் முடிவு பொய்யாக வரலாமாம். அதற்குச் சில நாட்கள் முன்பே அலர்ஜி மாத்திரைகளையும் நிறுத்தச் சொன்னார். நான் சாப்பிட்டுவந்த பீட்டா பிளாக்கர் வகை இரத்த அழுத்த மாத்திரை அட்ரினலினின் வேலையை மழுங்கடிக்கக்கூடியது என்பதால், இதய மருத்துவரிடம் கலந்து பேசி அதையும் மாற்றித் தந்தார்.

தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கவில்லை. எனவே ஆம்பியூலும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதித் தந்து, ஆம்பியூலின் கழுத்தை உடைப்பது, அளவு பார்த்து உறிஞ்சுவது, உடைக்கு மேலாகவே தொடையில் குத்துவது ஆகியவற்றை எனக்கும் அண்ணனுக்கும் செய்துகாட்டிப் பழக்கினார். குத்திய கையோடு 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும், நலமாகத் தோன்றினாலும் எழுந்து நடக்கக் கூடாது என்பதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை. தேனீ நஞ்சையே சிறுசிறு அளவில் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நீளும் என்றார். பெட்டிகளோடு பிழைக்கும் குடும்பம் என்பதால் அதற்குச் சம்மதித்திருக்கிறேன். அது முடியும்வரை பெட்டி திறக்கும் வேலை அண்ணனுக்கு, தேன் வடிகட்டும் வேலை எனக்கு.