பழைய வேட்டியில் நாப்பி, பருத்திச் சேலையில் தூளி: கார்த்திகைப் பிரசவத்துக்கு முன் முடித்த தையல் வேலைகள்

பிரசவத் தேதி கார்த்திகையில் விழுகிறது. மழை விடாத மாதம், மொட்டை மாடிக் கொடியை நம்ப முடியாது. அதனால் எல்லா அளவுகளும் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவாயின: வீட்டுக்குள் ஃபேன் காற்றில் இது எவ்வளவு சீக்கிரம் காயும்? கடையில் விற்கும் துணி நாப்பிகள் பல இதில் தேறுவதில்லை. நாலைந்து அடுக்கைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். வெளி அடுக்கு காய்ந்ததாகத் தெரியும், நடு அடுக்கில் ஈரம் தங்கி மறுநாள் முடை வாடை அடிக்கும். பிறக்கும் முன் புதுசு எதுவும் வாங்கக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அதற்கும் பழைய வேட்டி பொருந்திப்போகிறது.

ஆறாம் மாதம்: துணி தேர்வு

எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர் நீளம், கரையோடு 1.25 மீட்டர் அகலம். கரையை நீக்கிவிட்டு 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்கு ஆறு, ஆக 12 துண்டுகள் என்று கணக்கு வரும். கட்டிப் பழகிய வேட்டியில் அத்தனை தேறாது. உட்காரும் பகுதியும் மடிப்பு விழும் இடமும் நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வலை போலத் தெரியும் இடத்தைக் கழித்தால் எட்டு அல்லது ஒன்பது துண்டுதான் மிஞ்சும். சரிகைக் கரையை அறவே வெட்டி எடுத்துவிட வேண்டும். தொடை மடிப்பில் உரசினால் தோல் சிவந்துவிடும்.

வேட்டி என்றாலே பருத்தி என்று எண்ணிவிடக் கூடாது. டெரிகாட்டன் கலந்தவை நிறைய உண்டு. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இரண்டாவது சோதனைக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும். துணிமேல் ஊற்றியதும் பரவி உள்ளே இறங்கினால் நல்லது. முத்தாக உருண்டு நின்றால் கஞ்சியோ, துணியை மென்மையாக்கும் கண்டிஷனரோ நூலில் படிந்திருக்கிறது. கண்டிஷனர் படிந்த துணி கைக்கு மெத்தென்று இருக்கும், ஈரத்தை மட்டும் இழுக்காது. வெந்நீரில் ஊறவைத்து, சோப்பு இல்லாமல் இரண்டு மூன்று முறை அலசினால் சரியாகிவிடும்.

துணியைவிட அது இருந்த பெட்டியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் பாச்சை உருண்டை போட்டுப் பல வருடம் வைத்திருந்த துணியை அப்படியே பிறந்த குழந்தைக்குச் சுற்றவே கூடாது. பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு இருக்கிறதா என்பது பிறக்கும் முன் தெரியாது. அந்த வாடை துவைத்த பிறகும் லேசாக அடித்தால் துணியைத் தரை துடைக்க எடுத்துக்கொள்ளலாம். தைத்து முடித்தவற்றைக் காய்ந்த வேப்பிலை போட்டுப் பருத்திப் பையில் வைத்தாயிற்று.

ஏழாம் மாதம்: வெட்டும் தையலும்

வெட்டுவதற்குத் தரையில் துணி விரிப்பது வழக்கம். ஏழாம் மாதத்தில் குனிந்து எழுவது முதுகைப் பிடுங்கும் என்பதால் சாப்பாட்டு மேசைதான் வெட்டும் பலகை. பெடல் மிஷினை மனைவி அரை மணிக்கு மேல் தொடர்ந்து மிதிப்பதில்லை. வெட்டு, அளவு, நூல் பிசிறு நறுக்குவது எல்லாம் கணவன் பங்கு.

60 செ.மீ. சதுரத்தைக் குறுக்கே மடித்தால் வரும் முக்கோணத்தின் நீளப் பக்கம் 85 செ.மீ., உயரம் 42 செ.மீ. பிறந்த குழந்தையின் இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட இது தாராளம். 50 செ.மீ. சதுரத்தில் நீளப் பக்கம் 70 செ.மீ. ஆகும். முதல் மாதத்துக்கு அதுவே கச்சிதம், இரண்டாம் மாதத்தில் முடிச்சுக்கு நீளம் போதாது. அதனால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் 50, மீதி எல்லாம் 60. கட்டும்போது மேல் விளிம்பை இரண்டு விரல் அகலம் கீழே மடித்து, தொப்புள் கொடி தெரியும்படி கட்ட வேண்டும். அது காய்ந்து விழ ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஈரத் துணி அதன்மேல் படக்கூடாது.

ஓரம் அடிப்பதில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. வழக்கமாக இரண்டு மடிப்பு மடித்து அடிப்போம். அப்போது அந்த ஓரம் மட்டும் மூன்று அடுக்காகிறது. நடுத் துணி காய்ந்த பிறகும் ஓரம் ஈரமாகவே கிடக்கும். தொடையில் அழுத்துவதும் அதுவே. வேட்டியின் நெய்த ஓரம் பிரியாது என்பதால், சரிகை இல்லாத வேட்டியில் கரையை நீக்காமல் அது ஒரு பக்கமாக வரும்படி வெட்டினால் அந்தப் பக்கத்துக்குத் தையலே வேண்டாம். மற்றப் பக்கங்களுக்கு ஒற்றை மடிப்பில் ஜிக்ஜாக் போதும். ஜிக்ஜாக் இல்லாத மிஷினில் ஒற்றை மடிப்பு மடித்து, வெட்டு முனையை ஒட்டி நேர்த்தையல் போடலாம். மெல்லிய வேட்டித் துணிக்கு 11-ம் நம்பர் ஊசி நன்றாக ஓடுகிறது. 14 போட்டால் துளை பெரிதாகி, நைந்த துணியில் தையல் ஓரமாகவே கிழிகிறது. நூல் பருத்தியாக இருக்கட்டும். நைலான் நூலின் வெட்டு முனை முள்ளாகக் குத்தும்.

தனி நாடா வைத்துக் கட்டும் லங்கோடு மாதிரியும் தைத்துப் பார்த்தோம், சுகமில்லை. நாடா துவைக்கும்போது முறுக்கிச் சிக்குகிறது, முடிச்சு இறுகினால் ராத்திரியில் அவிழ்க்க நேரமாகிறது. முக்கோணத்தின் முனைகளையே முடிச்சுப் போடுவது எளிது.

உள்ளே வைக்கும் பட்டைக்குப் பழைய பனியன் துணி. அது வேட்டியைவிட அதிகம் உறிஞ்சும், ஓரம் அடிக்க வேண்டியதில்லை, வெட்டிய விளிம்பு தானாகச் சுருண்டுகொள்ளும். 36 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி மூன்றாக மடித்தால் 12 செ.மீ. பட்டை. அடுக்குகளைச் சேர்த்துத் தைக்காமல் விடுவதுதான் முக்கியம். துவைத்து விரித்துப் போட்டால் ஒற்றைத் துணியாகக் காயும். ஒப்பிட்டுப் பார்க்க அதே அளவில் மூன்றடுக்கைச் சேர்த்துத் தைத்த பட்டையையும் மழை நாளில் ஃபேனுக்கு அடியில் போட்டோம். விரித்தது மாலைக்குள் காய்ந்தது, தைத்தது மறுநாள் காலையும் நசநசவென்று இருந்தது. வேட்டி நாப்பி மூன்று நாலு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. 30 மில்லி தண்ணீரை ஊற்றினால் வெறும் வேட்டி முக்கோணம் அடியில் சொட்டுகிறது, பட்டை வைத்தால் தாங்குகிறது.

எத்தனை வேண்டும்? ஈரமானதும் மாற்றுகிற வீட்டில் ஒரு நாளைக்கு 15 முதல் 20 வரை ஓடும். வெயில் காலமென்றால் 25 போதும். அடைமழையில் ஒரு நாள் துணி சேர்ந்துவிடும் என்று வைத்து 40 நாப்பி, 20 பட்டை. தார் போல ஒட்டும் முதல் இரண்டு மூன்று நாள் கறுப்பு மலத்துக்கு, வெட்டும்போது ஒதுக்கிய நைந்த துண்டுகளே போதும், தூக்கி எறிந்துவிடலாம்.

சுற்றுவதற்கு 90 செ.மீ. சதுரத்தில் ஆறு. மார்புப் பக்கம் அணைவாகவும் இடுப்புக்குக் கீழே தளர்வாகவும் சுற்ற வேண்டும். கால்களை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும். கையுறை, காலுறை தைக்கவில்லை. உள்பக்கப் பிசிறு நூல் ஒன்று விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், குழந்தை அழுவது ஏன் என்று யாருக்கும் தெரியாது. யாராவது பரிசாகக் கொடுத்தால் உள்ளே திருப்பிப் பிசிறுகளை நறுக்கிவிட்டுத்தான் போட வேண்டும்.

எட்டாம் மாதம்: தூளி

சேலை பருத்தியாக இருக்க வேண்டும். பட்டும் நைலெக்ஸும் முடிச்சில் வழுக்கும். பழையது மெத்தென்று இருக்கும் என்றாலும் பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த சேலை அந்த மடிப்புக் கோட்டிலேயே கிழியும். அந்த இடத்தை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாட்டுவதற்குக் கூரைக் கம்பியோடு சேர்த்து வார்த்த தனிக் கொக்கி வேண்டும். பழைய வீடுகளில் தொட்டிலுக்கென்றே ஒன்று விட்டிருப்பார்கள். ஃபேன் மாட்டிய கொக்கியில் கட்டக் கூடாது. வாடகை வீட்டில் பின்னால் துளை போட்டு வைத்த ஆங்கர் போல்ட், ஆட்ட ஆட்டத் தளரும். நல்ல கொக்கி இல்லையென்றால் இரும்பு ஸ்டாண்டு வாங்குவதே மேல். ஸ்பிரிங் வேண்டாம் என்பது எங்கள் முடிவு. களைத்த ஸ்பிரிங் அறுந்தால் முன்னறிவிப்பு இருக்காது, சுருளுக்குள் விரலும் மாட்டும்.

10 அடிக் கூரைக்கு அளவு இப்படி வந்தது: 5.5 மீட்டர் சேலையை இரண்டாக மடித்தால் 2.75 மீட்டர். இரு தலைப்பையும் சேர்த்துப் போடும் முடிச்சுக்கு 40 செ.மீ. போகிறது. அடிப்பாகம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கிறது. அது அதிகம், ஓரடிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். கொக்கிக்கும் முடிச்சுக்கும் நடுவே ஒரு சாண் கயிறு சேர்த்ததும் சரியாயிற்று. கீழே கனமான ஜமுக்காளம்.

துணி இரண்டு பக்கமும் மூடி முகத்தில் படாமல் இருக்கத் தொட்டில் கட்டை: ஒன்றரை அடி நீளம், ஓர் அங்குலக் கனம், இரு முனையிலும் பள்ளம். பள்ளத்தில் வெறுமனே செருகினால் ஆட்டத்தில் நழுவிக் குழந்தைமேல் விழும். முனைக்கு அருகே துளையிட்டு நூல்கயிற்றால் சேலையோடு கட்ட வேண்டும்.

25 கிலோ அரிசிச் சிப்பத்தை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தோம். முடிச்சு இறுகி, சேலை நீண்டு, நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. உயரத்தை அதற்குப் பிறகுதான் கடைசியாக வைத்தோம். சேலையை ஒவ்வொரு முறை துவைத்துக் கட்டும்போதும் இந்தச் சோதனை வேண்டும்.

தூளியின் வளைவில் பச்சைக் குழந்தையின் தாடை மார்பில் அழுந்தும், மூச்சுப் பாதை குறுகும். தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். ஆகவே ராத்திரித் தூக்கம் பாயில் விரித்த மெல்லிய மெத்தையில், தலையணை இல்லாமல். தூளி பகலில், பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும். குழந்தை புரள ஆரம்பித்ததும் அதுவும் நிறுத்தம். பயன்படாத நேரத்தில் அவிழ்த்து மேலே சுருட்டிவிட வேண்டும். வீட்டுக்கு வரும் மற்றப் பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகள் நம் ஊரில் அடிக்கடி வருகின்றன.

துவைப்பு, மிச்ச வேலை

மூத்திரத் துணி, மலத் துணி இரண்டுக்கும் தனித்தனி வாளி. முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரை எடுத்த எடுப்பில் ஊற்றினால் கறை நூலில் பிடித்துக்கொள்ளும். பிறகு சாதாரணச் சோப்பு, நுரை வருவது நிற்கும் வரை அலசல். சொட்டு நீலம், கண்டிஷனர், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். மிச்சம் தங்கினால் தோல் எரியும். மழை நாளில் முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரி போட்டால் மீதி ஈரமும் போய்விடும்.

வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுப் பயணம். அங்கே மூன்று மாதம் ஓடும் என்பதால் 28 நாப்பியும் பட்டைகள் எல்லாமும் அந்தப் பெட்டியில் போகின்றன. ஆஸ்பத்திரிப் பையில் அதிலிருந்து 12 நாப்பி, மூன்று சுற்றுத்துணி. மீதி 12 இங்கேயே. தூளியும் கட்டையும் கயிறும் ஒரே பையில் போகும். அந்த வீட்டுக் கூரை 11 அடி, கயிற்றை இன்னும் ஓரடி நீட்ட வேண்டும். ஓட்டுக் கூரையாக இருந்தால் விட்டத்தில் கட்டும் முறையே வேறு. முக்கோணக் கட்டு கணவன் கைக்கு இன்னும் பழகவில்லை. மூன்று கிலோ அரிசியைத் தலையணை உறையில் கட்டிவைத்துப் பயிற்சி நடக்கிறது.