தோள்சீலையும் பதினாறு வரியும்

அமெரிக்க ராப்பில் நிறவெறி வந்தது, அது அவர்கள் தெருவில் இருந்ததால். நாகர்கோவிலில் உட்கார்ந்து ராப் எழுதுபவர் அங்குள்ள வசைச்சொல்லைக் கடன் வாங்கினால் பாட்டு அங்கேயே செத்துவிடும். வசையைத் திருப்பி வீசும் உரிமை அதால் அடிபட்டவர்களுக்குத்தான்.

நமக்குத்தான் 1859 இருக்கிறதே! நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு உத்தரவிட்டது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போட்டு உடுத்தக்கூடாதாம். அந்த ‘ஆனால்’தான் பாட்டு.

வேகம் 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு; வரிக்கு 4 தட்டு. 16 வரி சுமார் 43 விநாடி. ஒவ்வொரு வரியையும் ‘னாங்க, னாங்க’ என்று முடித்தால் எல்லாம் தானாக இயையும். அது திறமையில்லை, வெறும் வினைமுற்று. எதுகையை முதல் தட்டில் வையுங்கள்:

தோளை மூடினா குத்தமுன்னான்
நாளை எண்ணிக் காத்தோம்லே மக்கா

‘மக்கா’ நாலாம் தட்டில் விழணும். இந்த வரியில் சென்னைப் பேச்சை ஒட்டவைத்தால் அசிங்கமாக இருக்கும். பதிவு செய்யும்போது மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்வாக இருக்கட்டும்; நேராக வைத்தால் ‘ப’ வெடிக்கும். காற்றடிக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் முதலில் ஜன்னலைச் சாத்துங்கள். அந்தக் காற்றை எந்த மென்பொருளாலும் முழுசாகத் துடைக்க முடியாது.