செய்முறைத் தேர்வில் கவிழ்த்த வெற்று வரி

எம்சிஏ படித்தபோது, வலை நிரலாக்கச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி எளிதானது: உள்நுழையவும் வெளியேறவும் ஒரு பக்கத்தை, சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் எழுத வேண்டும். வீட்டில் பலமுறை எழுதிப் பார்த்த நிரல்தான். ஓடவிட்டதும் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ (தலைப்பகுதி ஏற்கெனவே போய்விட்டது) என்ற எச்சரிக்கை வந்து நின்றது. இருபது நிமிடம் வியர்த்த பிறகுதான் தெரிந்தது, பிஎச்பி தொடங்கும் குறிக்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தது.

உள்நுழைந்தவரை அடையாளம் காண சர்வர் பிரௌசரிடம் கொடுத்துவைக்கும் சிறு தகவல்தான் குக்கீ. அது சர்வர் அனுப்பும் பதிலின் தலைப்பகுதியில்தான் போகும். அந்த வெற்று வரி பக்கத்தின் உள்ளடக்கமாகிவிட்டது. உள்ளடக்கம் கிளம்பிய பின் தலைப்பகுதியைச் சேர்க்க முடியாது. வீட்டில் ஏன் ஓடியது? அங்கே அவுட்புட் பஃபரிங், அதாவது உள்ளடக்கத்தை உடனே அனுப்பாமல் சேர்த்துவைக்கும் வசதி, 4096 பைட் என்று இருந்தது, பிழையை மூடி மறைத்தது. ஆய்வகத்தில் அந்த வசதி இல்லை. வீட்டிலும் அதை அணைத்துவிட்டுப் பயிற்சி செய்யுங்கள்.

வாய்மொழித் தேர்வில் இன்னொரு சறுக்கல். “பிரௌசரில் குக்கீயை முடக்கினால் செஷன் என்னவாகும்?” என்றார் வெளித்தேர்வாளர். உள்நுழைந்தவரைப் பற்றி சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் தரவுதான் செஷன். ‘செஷன் சர்வரில் இருக்கிறது, குக்கீ பிரௌசரில் இருக்கிறது’ என்ற வேறுபாட்டு அட்டவணையை மனப்பாடம் செய்திருந்த நான், “ஒன்றும் ஆகாது” என்றேன். தவறு.

கோயில் வாசலில் செருப்பை விடுகிறோம் அல்லவா? செருப்பு உள்ளே, டோக்கன் நம் கையில். செஷனும் அப்படித்தான். தரவு சர்வரில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கும் எண் மட்டும் குக்கீயில் வரும். பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபிக்கு ஞாபகமே கிடையாது, ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்ததே இந்த மறதியைச் சமாளிக்கத்தான். டோக்கன் இல்லாமல் போனால், உள்ளே இருக்கும் செருப்பு யாருடையது?

டோக்கனைத் திருடியவனுக்கும் செருப்பு கிடைக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதுகாப்புக் கேள்விகள் தானாக அவிழும். குக்கீயை, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொடாதபடி தடுக்க எச்டிடிபி-ஒன்லி என்ற அமைப்பு. மறையாக்கம் இல்லாத இணைப்பில் அது போகாதபடி செக்யூர் என்ற அமைப்பு. உள்நுழைந்தவுடன் செஷன் எண்ணை மாற்றுவது, பழைய எண்ணை முன்பே அறிந்தவன் உள்ளே வராமல் இருக்க.

பிஎச்பியில் செஷன் 24 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். இயல்பாக 1440 விநாடி என்று இருப்பது உண்மைதான். ஆனால் பழைய தரவை அப்புறப்படுத்தும் வேலை அந்த நொடியிலேயே நடப்பதில்லை, வாய்த்தபோதுதான் நடக்கும். செஷன் தரவை அழிக்கும் ‘செஷன் டெஸ்ட்ராய்’ கட்டளையை அழைத்தாலும் பிரௌசரிலுள்ள குக்கீ அழியாது. அதைத் தனியாகக் காலாவதியாக்க வேண்டும். வெளியேறும் பக்கத்தில் பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

புத்தகத்தைவிட எனக்குக் கைகொடுத்தது பிரௌசரின் டெவலப்பர் கருவியிலுள்ள நெட்வொர்க் பகுதி. முதல் பதிலின் தலைப்பகுதியில் குக்கீயைக் கொடுக்கும் ‘செட்-குக்கீ’ வரி வருவதையும், அடுத்த கோரிக்கையில் அதே எண் திரும்பிப் போவதையும் கண்ணால் பாருங்கள். இப்போது அனுப்பிய குக்கீயை அதே பக்கத்தில் ஏன் படிக்க முடிவதில்லை என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.