வேலைக்கு நடுவே கிதார்

நேரம் கிடைத்தால் வாசிக்கலாம் என்று இருந்தால் கிதார் உறையைவிட்டு வெளியே வராது. என்னுடையது மேசைக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டில் நிற்கும். ஒரு மீட்டிங் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு ஸ்கேல் (சுர வரிசை), இல்லையென்றால் கைக்குப் படியாத இரண்டு கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) மட்டும். கொஞ்ச நாள் விட்டாலும் விரல்நுனி மெத்தென்று ஆகி, கம்பி மறுபடி கடிக்க ஆரம்பித்துவிடும்.

கிதார் செய்வது வேறு கதை. பசை தடவி கிளாம்ப் போட்டுவிட்டால் முழுதாக இறுக கிட்டத்தட்ட 24 மணி நேரம், அதற்குள் தாராளமாக ஆபீஸ் போய் வரலாம் (அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது). ஆனால் கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டையான ஃபிரெட்டுக்குப் பள்ளம் அறுப்பதைக் களைத்த இரவில் தொடவே மாட்டேன். 648 மில்லிமீட்டர் ஸ்கேல் நீளத்தை (கம்பி அதிரும் நீளம்) ஃபிரெட் கணக்குக்கான மாறா எண் 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் கழுத்தின் மேல்முனையில் கம்பி தாங்கும் நட்டிலிருந்து 36.37 மில்லிமீட்டரில் வரும், அதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சுருதி காட்டிக்கொடுத்துவிடும். அதற்கென்றே சனிக்கிழமை காலை, போன் அடுத்த அறையில்.