மூன்று இரவுக்கு ஒரு பழைய வீடு

புதிய நகரம் ஒன்றில் மூன்று நான்கு நாள் தங்கச் செல்லும்போது ஹோட்டலைத் தவிர்த்து, வீடு எடுத்துத் தங்குவதை வழக்கமாக்கிக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. வசதிக்காக என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வசதியைப் பார்த்தால் ஹோட்டல்தான் மேல். ஆனால் ஒரு நகரத்து மக்கள் எப்படிப்பட்ட சன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறார்கள், எத்தனை படி ஏறி வீடு சேர்கிறார்கள், பக்கத்து வீட்டாரின் இருமல் எந்தச் சுவர் வழியாகக் கேட்கிறது என்பவற்றையெல்லாம் அங்கே ஒரு வீட்டில் தங்கினால்தான் அறிய முடிகிறது. அத்தகைய வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன் என்பதால், இப்போது எதை எதைப் பார்க்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

தனித்தன்மை வாய்ந்தது என்று விளம்பரப்படுத்தப்படும் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் தனித்தன்மை, அறைகலன் கடையிலிருந்து வந்து இறங்கியதாகவே இருக்கிறது. செங்கல் போலத் தோன்றும் சுவர்த்தாள், கறுப்புக் கம்பியில் தொங்கும் மஞ்சள் பல்பு, சுவரில் மாட்டிய பழைய மிதிவண்டிச் சக்கரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் அது எந்த ஊர் வீடு என்று யாராலும் சொல்ல இயலாது. ஆகவே நான் படத்தைப் பார்க்கும்போது மேசை, கட்டில், சோபா எல்லாவற்றையும் மனத்துக்குள் அப்புறப்படுத்திவிட்டு, மிஞ்சும் வெற்று அறையை மட்டும் பார்க்கிறேன். கூரையின் உயரம், சன்னலின் அமைப்பு, தரை, கதவுநிலை, படிக்கட்டு ஆகியவற்றில் ஊர் தெரிகிறதென்றால் அந்த வீட்டைப் பற்றி மேலே படிக்கத் தொடங்குவேன்.

அப்படிக் கட்டடத்தின் எலும்பிலேயே ஊறிய குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. பாரிஸ் நகரை 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்னும் நிர்வாகி திருத்தியமைத்தபோது எழுந்த கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது என்பதால், அதிகப் படி ஏறத் தேவையில்லாத கீழ்மாடிகள் செல்வர்களுக்கு ஒதுக்கப்பட்டன. மேலே செல்லச் செல்லக் கூரை தாழ்ந்து, துத்தநாகத் தகட்டின் அடியில் பணிப்பெண்கள் தங்கும் சிற்றறைகளில் போய் முடிந்தது. ஆகவே ஒரே கட்டடத்தின் இரண்டாம் மாடியும் ஆறாம் மாடியும் இருவேறு வீடுகள். இன்று அந்த ஆறாம் மாடி அறைகளே நகரக் கூரைகளின் காட்சி தெரியும் வீடுகளாக விளம்பரத்துக்கு வருகின்றன. காட்சி உண்மைதான்; கோடையில் அந்தத் தகடு இறக்கும் வெப்பமும் உண்மைதான். மாடிக் கணக்கிலும் ஒரு கவனம் வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தரைத்தளம் கணக்கில் சேராது. நான்காம் மாடி என்றால் தரையிலிருந்து ஐந்தாவது தளம்.

அப்படியொரு கூரையடி வீட்டில் நான் மூன்று இரவு தங்கினேன். சரிந்த கூரை, வெள்ளையடித்த உத்தரங்கள், சாய்வான சன்னலில் விழும் காலை வெயில் என்று படங்கள் அவ்வளவு அழகு. உள்ளே நுழைந்ததும் கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையில் குறுக்கே ஓடிய உத்தரத்தில் ஓரிடத்தில் மட்டும் பழைய துண்டு ஒன்றைச் சுற்றி ஆணியடித்திருந்ததைக் கண்டேன். துண்டின் நடுப்பகுதி நெற்றிகள் பட்டுப் பட்டு அழுக்கேறி, நூல் பிரிந்து கிடந்தது. முதல் இரவே என் நெற்றியும் அதில் தன் பங்கைச் சேர்த்தது. பிறகு விமர்சனங்களைத் திரும்பப் படித்தால், மூன்று பேர் அதைச் சொல்லித்தான் இருந்தார்கள்: உயரமானவர்கள் கவனம் என்று ஒருவர், தலை பத்திரம் என்று ஒருவர், உத்தரத்தோடு நட்பாகிவிட்டோம் என்று ஒருவர். மூவரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். விருந்தினர்கள் குறையைப் புகழ்ச்சிக்குள் மடித்து வைத்துத்தான் எழுதுவார்கள் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். உயிர்ப்பான பகுதி என்றால் நள்ளிரவுக்குப் பிறகும் சத்தம் இருக்கும். கச்சிதமான வீடு என்றால் பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

பிரான்சில் அடுக்குமாடி வீடு ஒன்றை விற்கும்போது, 1.80 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பகுதியைப் பரப்பளவில் சேர்க்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விடுமுறை வாடகை விளம்பரத்தில் உள்ள சதுர மீட்டர் எண் அந்த முறையில் அளந்ததா என்பது வேறு விஷயம். நிமிர்ந்து நிற்கக்கூடிய இடம் எவ்வளவு என்று கேட்டுவிடுவது நெற்றிக்கு நல்லது.

ஆம்ஸ்டர்டாமின் கால்வாயோர வீடுகளில் முகப்பின் உச்சியில் ஓர் உத்தரமும் அதில் ஒரு கொக்கியும் துருத்திக்கொண்டிருக்கும். உள்ளேயிருக்கும் படிக்கட்டு குறுகலாகவும் ஏணியைப் போலச் செங்குத்தாகவும் இருப்பதால், மரச்சாமான்களைக் கயிற்றில் கட்டி அந்தக் கொக்கி வழியாகச் சன்னலுக்கு ஏற்றுவார்கள். அலமாரி ஏற மறுத்த அந்தப் படியில்தான் இருபது கிலோ பெட்டியோடு நாம் ஏற வேண்டும். பெர்லினின் பழைய குடியிருப்புகளில் தெருவைப் பார்த்த முன்கட்டு, முற்றத்துக்கு அப்பால் பின்கட்டு என்ற பிரிவு உண்டு. பின்கட்டு அமைதியானது, ஆனால் கீழ்த்தளங்களில் வெளிச்சம் குறைவு. ஜப்பானிய நகரமான கியோத்தோவின் மச்சியா என்னும் மரவீடுகள் முகப்பில் ஒடுங்கிப் பின்னோக்கி நீளமாகச் செல்வதால் அவற்றை விலாங்கு மீனின் படுக்கை என்பார்கள். அவற்றில் குளிர்காலத்தில் தங்குவோர், உள்ளே எவ்வளவு குளிரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பார்சிலோனாவில் செர்தா என்னும் பொறியாளர் 1859-இல் வகுத்த திட்டத்தின்படி விரிந்த பகுதியின் பழைய வீடுகள், தெருப்பக்கத்திலிருந்து உட்பக்கம் வரை ஆழமானவை. தரையில் ஓடும் வண்ணச் சிமெண்ட் ஓடுகளைக் கண்டு மயங்காதவர் இல்லை; நடுவிலுள்ள அறைகளின் சன்னல்களோ வெளிச்சத்துக்காக விடப்பட்ட குறுகிய கிணறு போன்ற இடைவெளியைப் பார்த்தே திறக்கின்றன. அந்தக் கிணற்றின் வழியாக எல்லா மாடிகளின் சமையலறைப் பேச்சும் நம் தலையணைக்கு வந்து சேரும். இதனால்தான் எந்த ஊரானாலும் நான் சன்னல்களை எண்ணுகிறேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த அறைக்கு எத்தனை சன்னல், அதில் தெரிவது வானமா சுவரா என்று தாளில் குறித்து, காகிதத்தில் வீட்டின் வரைபடமே போட்டுவிடுவேன். படுக்கையறையின் எல்லாப் படங்களும் ஒரே மூலையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் மற்ற மூன்று பக்கங்களில் ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வேன். அகலக்கோண லென்ஸ் எந்த அறையையும் மண்டபமாக்கிவிடும். ஐரோப்பியச் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் இயந்திரமும் அடுப்பும் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம் கொண்டவை என்பதால், அவற்றை அளவுகோலாக வைத்து அறையின் உண்மையான அகலத்தைக் கணக்கிடலாம்.

இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏர்பிஎன்பி போன்ற வாடகை இணையதளங்கள் முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் ஒரு வட்டத்தைத்தான் காட்டும். தெருப்பெயரை மட்டுமாவது கேட்டு வாங்கி, கட்டடத்தின் தரைத்தளத்தில் மதுக்கூடம் இருக்கிறதா என்று இணைய வரைபடத்தின் தெருப்படத்தில் பார்த்துவிட்டால் போதும்.

சட்டத்தை மட்டும் விட்டுவிட முடியாது, ஏனெனில் குணமுள்ள வீடுகள் நிறைந்த பழைய நகரங்கள்தான் குறுகியகால வாடகையைக் கடுமையாக முறைப்படுத்துகின்றன. நியூயார்க்கில் பதிவு விதி 2023 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தபின், உரிமையாளர் உடன் தங்காத முழு வீட்டை 30 நாளுக்குக் குறைவாக எடுப்பது ஏறக்குறைய இயலாததாகிவிட்டது. பாரிஸில் ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டை வாடகைக்கு விடும் வரம்பு 2025 முதல் ஆண்டுக்கு 120 இரவிலிருந்து 90 ஆகக் குறைந்தது. பார்சிலோனா தன் சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்போவதில்லை என்று 2024-இல் அறிவித்தது. பதிவு கட்டாயமான ஊரில் விளம்பரத்தில் பதிவெண் இல்லையென்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு முன்பதிவு ரத்தாவதை ஒருமுறை அனுபவித்தாயிற்று. சட்டத்தைத் தாண்டி எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. வாசற்கதவருகே விருந்தினர்கள் சாவி எடுத்துக்கொள்வதற்கான சிறு பெட்டிகள் வரிசையாகத் தொங்கும் கட்டடத்தில் அந்த ஊர்க்காரர் யாரும் எஞ்சியிருப்பதில்லை, நான் பார்க்க வந்த வாழ்க்கையை என்னைப் போன்றவர்களே காலிசெய்துவிட்டோம். ஆகவே அழைப்புமணிப் பலகையில் குடும்பப் பெயர்கள் இருக்கும் கட்டடமாகத் தேடுகிறேன்.

கடைசியாக உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுவேன். படுக்கையறைச் சன்னல் எதைப் பார்க்கிறது, படி எத்தனை, இரவில் என்ன சத்தம் கேட்கும், வந்தவர்கள் வழக்கமாக எதைக் குறை சொல்கிறார்கள் என்று நான்கு கேள்விகள். எல்லாம் அருமையாக இருக்கும், கவலைப்படாதீர்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். சென்ற முறை ஒருவர் வேறுவிதமாக எழுதினார்: எழுபத்திரண்டு படிகள், சன்னல் முற்றத்தைப் பார்க்கிறது, காலை ஆறரைக்குக் குப்பைத் தொட்டிகளை உருட்டிச் செல்வார்கள், மழைநாளில் குளியலறைக் கதவு உப்பிக்கொண்டு மூடாது, தரை சன்னல் பக்கம் சாய்ந்திருப்பதால் மேசையில் வைக்கும் பேனா உருண்டு விழும், அதற்காக ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் முன்பதிவு செய்துவிட்டேன்.