கத்திரி நாட்களில் புழுத் தட்டு

28.4.2025
கோழித் தீனிக்கு வளர்க்கும் மீல்வார்ம் புழுவின் தாய் வண்டுகளை, முட்டையிட, மூன்றாம் தட்டுக்கு மாற்றியாயிற்று. ஏறக்குறைய 120 இருக்கும். முந்தின ராத்திரியே பழைய முட்டை அட்டையைத் தட்டில் வைத்துவிட்டால் அடியில் போய்த் தொற்றிக்கொள்கின்றன. காலையில் அட்டையைத் தூக்கிப் புதுத் தட்டில் தட்டினால் முக்கால்வாசி விழுந்துவிடும், மிச்சத்தைத்தான் கையால் பொறுக்க வேண்டும். புதுத் தவிடு 4 செ.மீ. உயரம், அதற்கு மேல் வேண்டாம். பதினான்கு நாள் இருக்கட்டும். அதிகம் விட்டால் இட்ட முட்டையை அவையே தின்றுவிடும்.

30.4
தவிட்டு மூட்டையைப் பிரித்ததும் மோந்து பார்ப்பது முதல் வேலை. கிடங்கில் பூச்சி கொல்லும் புகை மாத்திரை போட்டிருந்தால் லேசான பூண்டு வாடை வரும். அந்த மூட்டை மாட்டுக்கு ஒத்துக்கொண்டாலும் புழுவுக்கு ஆகாது. வாடை இல்லாவிட்டாலும் ஒரு கிண்ணத்தில் இருபது புழுவை அந்தத் தவிட்டில் போட்டு இரண்டு நாள் பார்த்த பிறகுதான் தட்டில் கொட்ட வேண்டும். இன்று கிண்ணத்தில் இருபதும் உயிரோடு, சுறுசுறுப்பாக.

மீதித் தவிட்டை இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிண்டி எடுத்தாயிற்று. நிறம் மாற வேண்டியதில்லை, கை பொறுக்காத சூடு ஏறினால் போதும். அந்துப்பூச்சி முட்டையும், தூள் மாதிரி தவிட்டில் பிடிக்கும் பேனும் அதில் போய்விடும். நன்றாக ஆறவிட்டு மூடி வைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

1.5
சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டையை அடை வைத்தாயிற்று. முட்டை 11. குஞ்சு 22ஆம் தேதி.

4.5
கத்திரி தொடக்கம். மதியம் 2.30: அறை 34 டிகிரி, முதல் தட்டின் நடுவில் 37.

5.5
மதியம் 2.30: அறை 35, முதல் தட்டின் நடுவில் 39.

புழுவெல்லாம் மேலே வந்து சுவரோரம் நீண்டு கிடக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் புழு வெளிச்சம் பட்டதும் தவிட்டுக்குள் ஓடும். வெளிச்சத்திலும் மேலேயே கிடந்தால் அடியில் இருக்க முடியவில்லை என்று அர்த்தம். கையை உள்ளே விட்டால் அடுப்போரச் சாம்பல் மாதிரிச் சூடு. இந்த 4 டிகிரி வெளியிலிருந்து வரவில்லை. நெருக்கமாகக் கிடக்கும் புழுக்களின் உடல் சூடுதான் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. 45-க்கு 30 செ.மீ. தட்டில் 8 செ.மீ. தவிடு, ஒன்றரைக் கிலோ புழு. மார்கழியில் தாங்கியது, இப்போது தாங்காது.

உடனே நான்கு தட்டாகப் பிரித்து, தவிட்டை 3 செ.மீ. ஆக்கியாயிற்று. இரண்டு கைப்பிடி செத்துவிட்டது. கறுத்துக் குழைந்த புழுவைக் கோழிக்குப் போடவே கூடாது, குப்பைக்குழிக்குத்தான் போக வேண்டும். கோழி ஆசையாகத் தின்னும், அதனாலேயே கவனம் வேண்டும்.

இந்தப் புழுவுக்கு 25 முதல் 28 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டினால் வண்டு முட்டையிடுவது குறையும். 35-க்கு மேல் நாள் முழுக்க நின்றால் சாவு. மதுரையில் சித்திரை வைகாசி முழுக்க இந்த எல்லையில்தான் நடக்க வேண்டும்.

6.5
மூன்றாம் தட்டு 33. முட்டை வெந்துவிடுமோ என்ற பயம்.

7.5
மீன் கடைத் தெர்மாகோல் பெட்டி இரண்டு கிடைத்தது. உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பழைய துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்து, நடுவில் செங்கல் மேல் தட்டு. பாட்டிலைத் தட்டுக்குள் வைத்தால் வியர்த்து வழிந்து ஒரே ராத்திரியில் தவிடு கட்டிக்கொள்ளும். பெட்டி மூடியில் விரல் நுழையும் துளை ஆறு. ஒரு பாட்டில் நான்கு மணி நேரம் தாங்குகிறது. காலை 11, மாலை 3, இரண்டு முறை மாற்றினால் தட்டு 30-லேயே நிற்கிறது.

தெர்மாகோலில் தட்டு படாமல் இருக்கட்டும். இந்தப் புழு தெர்மாகோலையே அரித்துத் தின்னும், 2015-ல் ஆய்வாகவே வெளிவந்தது. அதைத் தின்ற புழுவைக் கோழிக்குக் கொடுக்க மனசு வராது.

8.5
ஈரத்துக்கு வைக்கும் கேரட் ராத்திரி மட்டும். அரை செ.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கித் தவிட்டின் மேல் வைத்து, காலையில் எடுத்துவிட வேண்டும். ஒரு தட்டுக்கு நான்கு வட்டம்.

9.5
மதியம் 2.30, தட்டுகளில்: 30. 30. 31. 30.

10.5
கூட்டுப்புழு பொறுக்கியதில் 64. தொட்டால் வாலை ஆட்டுவது உயிர். கறுத்து ஆடாமல் இருப்பது போனது. தினமும் பிரிக்காவிட்டால் புழுக்களே கடித்துவிடும். போன தடவை பொரிந்த வண்டுகளில் சிலவற்றுக்கு இறக்கை சுருண்டிருந்தது. அது வறண்ட காற்றின் வேலை. கூட்டுப்புழுக் கிண்ணத்துக்கு மேல் ஈரத்துணியைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறது, கிண்ணத்தில் படாமல்.

12.5
அழகர் ஆற்றில் இறங்கியாயிற்று. வண்டுகள் நாலாம் தட்டில் இறங்கியாயிற்று. மூன்றாம் தட்டை இனி யாரும் தொடக் கூடாது. சலிக்கவும் கூடாது.

14.5
கணக்கு. பன்னிரண்டு கோழி, தலைக்குப் பத்துப் புழு, நாளைக்கு 120. முற்றிய புழு 100 கிராமுக்கு 800 முதல் 1000 வரை நிற்கும். ஆக நாளைக்கு 12 முதல் 15 கிராம், மாதத்துக்கு 360 முதல் 450 கிராம். இதற்கு மேல் கொடுப்பதில் பயனில்லை, கொழுப்பு ஏறும். புழுவில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனிச் சட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். பெரிய புழுக்களில் பத்தில் ஒன்றை வண்டாக விட்டுவைக்க வேண்டும். கண்ணுக்கு அழகாக இருப்பதையெல்லாம் கோழிக்குப் போட்டால் ஆடி மாதம் தட்டு காலி.

16.5
மழை! ஒரு மணி நேரம் கொட்டியது. அறை 29. எல்லாத் தட்டும் 29. பாட்டில் தேவையில்லை.

18.5
மறுபடி மழை. ஈரப்பதம் 78. ஸ்டாண்டுக் கால் கிண்ணங்களில் தண்ணீர் மாற்றியாயிற்று, எறும்பு இல்லை.

20.5
குஞ்சுக்குக் கரையான் பானை. முதல் வாரம் மீல்வார்ம் வேண்டாம், தோல் கனம். அதற்குப் பிறகும் அப்போதுதான் சட்டை உரித்த வெள்ளைப் புழுவாகப் பார்த்துப் பொறுக்கிப் போட வேண்டும். கரையான்தான் குஞ்சுக்கு மெத்தென்று இருக்கும். வாயகன்ற மண்பானையில் காய்ந்த சாணி, நைந்த சணல் சாக்கு, பனையோலைத் துண்டு திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் அரித்த வேலிக்கால் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறது. சாயங்காலம் வைத்து விடியுமுன் எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

22.5
9 குஞ்சு. ஒரு முட்டை கூமுட்டை, ஒன்று ஓட்டுக்குள்ளேயே.

24.5
மூன்றாம் தட்டின் உள்சுவரில் பழுப்புத் தூள் மாதிரி ஒரு கோடு. விரலால் தேய்த்தால் லேசான புதினா வாசம்.

பேன்.

மழைக்குப் பிறகும் பழைய அளவிலேயே கேரட் வைத்த தப்பு. வெயிலில் வறண்ட தட்டுக்குத் தேவையான ஈரம் 78 ஈரப்பதத்தில் அதிகம். காற்றில் ஈரம் ஏறினால் காய்கறியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மற்ற தட்டு என்றால் சலித்துத் தூளைக் கொட்டி, வறுத்த தவிட்டில் மாற்றிவிடலாம். மூன்றாம் தட்டைச் சலிக்க முடியாது. முட்டையும் குஞ்சுப்புழுவும் அந்தத் தூளோடுதான் இருக்கின்றன. சலித்தால் பேனோடு அதுவும் போகும்.

25.5
மூன்றாம் தட்டில் கேரட் நிறுத்தம். மேசை விசிறியைத் தட்டுக்கு மேலே ஓடவிட்டிருக்கிறது. ஈரம் 60-க்குக் கீழே இறங்கினால் பேன் தங்காது, புழு தாங்கும். சுவரின் மேல் விளிம்பில் தேங்காய் எண்ணெய்ப் பூச்சு, பக்கத்துத் தட்டுக்குப் போகாமல் இருக்க. மூன்றாம் தட்டைத் தொட்ட கையோடு நாலாம் தட்டைத் தொடவே கூடாது.

26.5
ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் தவிடு அசைகிறது. எது அசைகிறது?

27.5
பூதக்கண்ணாடியில் பார்த்தாயிற்று. உருண்டை, எட்டுக் கால்: பேன். நூல் மாதிரி, வெள்ளை, ஊசிமுனை நீளம்: புழு. இரண்டும் இருக்கின்றன. இரண்டும் நிறைய இருக்கின்றன.

28.5
பொறி வைத்ததில் பலன். உருளைக்கிழங்குத் துண்டை ராத்திரி மேலே வைத்து, விடிகாலை அப்படியே தூக்கினால் அடிப்பக்கம் பேன் அப்பியிருக்கிறது. தட்டுக்கு மேல் தட்டாமல் நேராகக் கொதிநீரில். நாலைந்து குஞ்சுப்புழுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஊசியால் எடுத்துத் திரும்ப விட்டாயிற்று. குஞ்சுகள் கரையானை அலகால் பறிப்பதற்கு ஓடுகிற ஓட்டம்!

29.5
ராத்திரி 11. அறை 31, ஈரம் 66. கிழங்குத் துண்டு இரண்டு வைத்தாயிற்று.