இன்சுலினும் லைசென்ஸும்: லண்டன் ஹரோ நாட்குறிப்பு

12 செப்டம்பர் 2024, வியாழன்

சலரோகத்துக்கு (நீரிழிவு) இன்றிலிருந்து இன்சுலின். இரவில் ஒரு ஊசி, சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு வேளையும் ஒன்று. மெட்ஃபோர்மின் குளிசையோடு இவ்வளவு காலம் இழுத்தாயிற்று, இரத்தத்தில் சீனி இறங்குகிற மாதிரி இல்லை. ஊசிக்குப் பயமில்லை. புறப்படும்போது நேர்ஸ் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது: இன்சுலின் போடுகிறவர்கள் சாரதி லைசென்ஸ் கொடுக்கும் அரச அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு அறிவித்தே ஆக வேண்டுமாம். மெட்ஃபோர்மின் மட்டும் குடித்த காலத்தில் அந்தக் கடமை இல்லை.

நான் கேயரர் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, குளிசை எடுத்துக் கொடுக்க வேண்டும். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

சொந்தத்தில் ஒரு பிறந்தநாள் விழா. விசயத்தை மச்சாளிடம் மெதுவாகச் சொன்னேன், ரோல்ஸ் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் முழு மண்டபத்துக்கும் தெரிந்துவிட்டது. "சொல்லாதை, லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள்" என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பு. அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் சலரோகக்காரர்.

வீட்டுக்கு வந்து விதிகளை வாசித்தேன். சொல்லாமல் விட்டால் 1,000 பவுண் வரை தண்டம். விபத்து ஏதும் நடந்தால் வழக்கும் வரலாம், காப்புறுதியும் கையை விரிக்கலாம். சொன்னால்? பெரும்பாலும் 1, 2 அல்லது 3 வருடத்துக்குச் செல்லுபடியாகிற லைசென்ஸ். அதைப் புதுப்பிக்கக் காசும் இல்லை. இதற்குத்தானா இவ்வளவு ஒளிப்பு?

17 செப்டம்பர், செவ்வாய்

டிவிஎல்ஏவுக்கு நிரப்பி அனுப்பும் படிவத்தின் பெயர் டிஐஏபி1. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினி மேசையில் வைத்து நிரப்பினேன். சீனி இறங்கும்போது உடம்புக்கு அறிகுறி தெரிகிறதா, போன 12 மாதத்தில் கடுமையாக இறங்கியதா, கண் எப்படி, டொக்டரிடம் டிவிஎல்ஏ விசாரிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே போகிறது.

எங்கள் ஆட்கள் பயப்படுவது அந்த "கடுமையாக" என்ற இடத்தில். கை நடுங்கி, வியர்த்து, நாமே ஒரு ஜூஸைக் குடித்துச் சரியாக்கிக்கொண்டால் அது அந்தக் கணக்கில் வராது. இன்னொருவர் வந்து உதவினால்தான் மீள முடியும் என்ற நிலைக்குத்தான் அந்தப் பெயர். சாதாரணக் கார் லைசென்ஸுக்கு, விழித்திருக்கும்போது அப்படி ஒன்றுக்கு மேல் 12 மாதத்துக்குள் வந்தால்தான் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வார்கள். நித்திரையில் வந்ததை 2018இலிருந்து இதில் சேர்ப்பதில்லை. இது தெரியாமல் எத்தனை பேர் டொக்டரிடமே பொய் சொல்கிறார்கள். மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டியவரிடம்!

9 ஒக்டோபர், புதன்

கார் ஓடத் தொடங்குவதற்கு முந்திய 2 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சீனி பார்க்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 5க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓடலாம், 4க்குக் கீழே என்றால் சாவியைத் தொடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு இந்த எண்கள் பிடிபடவே இல்லை. "நாலோ? உயிரோடை இருக்கிறியோ?" என்கிறா. இங்கே மில்லிமோல் கணக்கு, அங்கே மில்லிகிராமில் 120, 180 என்றுதான் கணக்கு. 18ஆல் பெருக்குங்கோ அம்மா என்றேன். 4 என்றால் 72, 5 என்றால் 90.

இன்று காலை கென்டன் ரோட்டில் போகும்போது ஃபோன் கத்தியது. கையில் ஒட்டியிருக்கும், சீனி பார்க்கும் சென்சரின் அலாரம். ஓடிக்கொண்டே ஃபோனைப் பார்க்க முடியாது, அது வேறு குற்றம். பக்கத்துத் தெருவில் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இடதுபக்க சீட்டுக்கு மாறி இருந்தேன். சாரதி சீட்டில் சாவியோடு இருந்தால் வாகனம் நம் பொறுப்பில் இருப்பதாகச் சட்டம் பார்க்குமாம். சென்சர் 3.8 என்றது. 4க்குக் கீழே காட்டினால் அதை மட்டும் நம்பக் கூடாது, விரலில் குத்தியும் பார்க்க வேண்டும். குத்தினேன், 3.6. சென்சர் பார்ப்பது தோலுக்கடியில் உள்ள நீரை, இரத்தத்தை அல்ல. சீனி வேகமாக இறங்கும்போது கொஞ்சம் பிந்தித்தான் சொல்லும்.

ஜெலி பேபி இனிப்பை வாய்க்குள் போட்டு மென்றேன். சொக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். பிறகு ஒரு பிஸ்கட். 5ஐத் தாண்டியதும் ஓடலாமென்று நினைக்கத் தோன்றும். இல்லை, அதற்குப் பிறகும் 45 நிமிடம் இருக்க வேண்டும். எண் ஏறினாலும் மூளை முழுதாகத் தெளிய நேரம் எடுக்கும். கந்தோரிலிருந்து இரண்டு முறை அழைத்து எங்கே நிற்கிறாய் என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்ன பிறகும், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்பதுதான் அடுத்த கேள்வி. நான் பார்க்கப் போக வேண்டியிருந்த தாத்தாவின் காலைச் சாப்பாடு பிந்தியது, அவரோ கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் கதைத்தார்.

22 ஒக்டோபர், செவ்வாய்

கண் பரிசோதனை. கண்மணியை விரிக்கச் சொட்டு விட்டால் சில மணித்தியாலத்துக்குக் கார் ஓடக் கூடாது. பஸ்ஸில் போய் வந்தேன். திரும்பும்போது வெயில் கண்ணைக் குத்தியது, கறுப்புக் கண்ணாடி வீட்டில்.

7 நவம்பர், வியாழன்

சூரன்போர். கந்தசஷ்டிக்கு முன்பெல்லாம் ஆறு நாளும் மிளகும் தண்ணியும்தான். இந்த முறை நேர்ஸிடம் கேட்டு, ஊசியின் அளவைக் குறைத்து, பாலும் பழமுமாக இருந்தேன். ஹைகேட் முருகன் கோயிலுக்கு மகன்தான் காரை ஓட்டினான். விரதமிருக்கும் நாளில் ஓடுவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம், முருகனுக்கும் அதில் ஆட்சேபனை இருக்காது.

24 நவம்பர், ஞாயிறு

பெரியம்மாவின் மகன் வந்திருந்தார். மினிகாப் (வாடகைக் கார்) ஓடுகிறவர். டொக்டர் அவரையும் இன்சுலினுக்கு மாறச் சொல்லி எவ்வளவோ காலம். மாட்டாராம். "ஊசி போட்டால் என்ரை மினிகாப் பட்ஜைப் பிடுங்கிப்போடுவாங்கள் தங்கச்சி." தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போடச் சொல்லிக்கொண்டே சொல்கிறார்.

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. லண்டனில் மினிகாப் சாரதிகளுக்குப் போக்குவரத்துத் துறை வைத்திருப்பது லொறி, பஸ் சாரதிகளுக்கான மருத்துவ அளவுகோல். எனக்கு உள்ள சலுகைகள் அவருக்குக் கிடையாது. 12 மாதத்தில் ஒருமுறை கடுமையாக இறங்கினாலே, நித்திரையில் என்றாலும், நிறுத்த வேண்டியதுதான். ஆனால் இன்சுலின் என்றாலே லொறி ஓட முடியாது என்ற பழைய தடை 2011இல் போய்விட்டது. ஓடாத நாளிலும் இரண்டு முறை சீனி பார்த்து, மெமரி உள்ள மீற்றரில் அதை வைத்திருந்து, வருடத்துக்கொருமுறை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

"நான் குளிசைதானே போடுறன்" என்றார். பெட்டியைக் காட்டச் சொன்னேன். கிளிக்ளசைட். அதுவும் சீனியைத் தாழ இறக்கக்கூடிய குளிசை. அவருடைய தொழிலுக்கு அதையும் அறிவிக்க வேண்டும். அண்ணை பேசாமல் தேத்தண்ணியைக் குடித்தார்.

11 டிசம்பர், புதன்

லைசென்ஸ் வந்துவிட்டது. 3 வருடம். காப்புறுதிக்காரரிடமும் சொன்னேன், கட்டணம் கூடவில்லை. மச்சாளுக்குப் படமெடுத்து அனுப்பினேன், ஒரு பெருவிரலை மட்டும் அனுப்பினா.

19 ஜனவரி 2025, ஞாயிறு

அண்ணை டிவிஎல்ஏவுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் எழுதிவிட்டாராம். பதில் வரவில்லை, அதனால் கோபம். உடனே பதில் வர அது என்ன கலியாணக் கடிதமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவருடைய வீட்டு வாடகை அந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

அதைவிடப் பெரிய கோபம் வேறொன்றில். நான் சென்சர் பார்த்து ஓடலாம், இன்றைய (2025 ஜனவரி) விதிப்படி அவருடைய வகுப்புக்கு அது செல்லாது, விரலில் குத்தித்தான் ஆக வேண்டும். புது மீற்றரைப் பொக்கெற்றிலிருந்து எடுத்து என் முன்னாலேயே குத்தினார். 9.4. "உன்ரை கையிலை ஒட்டியிருக்கிற பொட்டு எனக்கு மட்டும் ஏன் இல்லை? என்ரை விரல் என்ன இரும்போ?"

விரல் நுனியில் குத்தாதேங்கோ, பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு என்றேன். அடுத்த முறை பார்ப்பம் என்றார்.